யாழ்ப்பாணத்தில் முதல் கேம் கொன்சோல்: வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு உறவுகள் வரும் காலத்திலும், டிசம்பர் விடுமுறை தொடங்கும்போதும் கேம் விளையாடவே செய்த பெட்டியான கொன்சோல் பற்றி இந்தக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ரூபா விலை கடைக்குக் கடை, கிழமைக்குக் கிழமை மாறுவதால் இங்கே அமெரிக்க விலையை டொலரில் தருகிறேன். டொலருக்கு 300 ரூபா என்று போட்டு, அதன்மேல் 18 சதவீத வற் வரி, இறக்குமதிச் செலவு, கடைக்காரரின் லாபம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கடையில் சொல்லும் விலை நியாயமா என்று ஓரளவு பிடிபடும்.

குறைந்த விலைக் கொன்சோல் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

இங்கே நடைமுறையில் மூன்றுதான். மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ், நின்டெண்டோவின் சுவிட்ச் லைட், சோனியின் பாவித்த பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4). பிளேஸ்டேஷன் 5 இல் டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் பதிப்பு ஒன்று உண்டு. 2025 ஓகஸ்டில் அதன் விலை அமெரிக்காவிலேயே 499.99 டொலராகிவிட்டது. அதை மலிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்காதா?

முந்திய கொன்சோல் தலைமுறைகளில் இறங்கியது. இந்தத் தலைமுறையில் எல்லாம் தலைகீழ். சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் 299.99 டொலருக்கு வந்தது. 2025 மே மாதம் 379.99, அதே வருடம் ஒக்டோபரில் 399.99. சுவிட்ச் லைட் 2019 இல் 199.99, 2025 ஓகஸ்டில் 229.99. நமக்கு இதோடு ரூபாவும் விழுந்தது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா. சில மாதத்தில் 360. பொறுத்திருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி.

உண்மையில் விலை இறங்கிக்கொண்டிருப்பது பாவித்த பிளேஸ்டேஷன் 4 மட்டும்தான். புதுசு வேண்டும் என்றால் காத்திருந்து பெரிதாக லாபமில்லை. காசு இருக்கும்போது வாங்குங்கள். இல்லாவிட்டால் கடன்பட்டு வாங்கும் சாமான் இது இல்லை.

பிளேஸ்டேஷன் 5 ஐவிடச் சீரிஸ் எஸ் மலிவுதானே. அதையே வாங்கினால் என்ன?

பெட்டி மலிவு, அது சரி. முதலில் கேட்க வேண்டியது வேறு: உங்கள் வீட்டுக்குள் கேம் எந்த வழியால் வரப்போகிறது?

சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட இடமே இல்லை. பிறகு வாங்கிப் பூட்டவும் முடியாது. ஒவ்வொரு கேமும் இணையத்தால்தான் இறங்க வேண்டும். பெரிய கேம் ஒன்று 100 ஜிபி என்று வையுங்கள். வீட்டில் ஃபைபர் இருந்து 50 எம்பிபிஎஸ் உண்மையாகவே கிடைத்தால் நாலரை மணித்தியாலம். 4ஜி ரவுட்டரில் 10 எம்பிபிஎஸ் வந்தால் 22 மணித்தியாலத்துக்கு மேல், அதுவும் நடுவில் அறுபடாமல் இருந்தால். மாத டேட்டாப் பொதியில் பாதி அந்த ஒரு கேமோடு போய்விடும். அதற்குப் பிறகு வரும் அப்டேட்டுகள் 10, 20 ஜிபி என்று தனிக் கணக்கு.

இடமும் ஒரு பிரச்சினை. பெட்டியில் 512 ஜிபி என்று போட்டிருக்கும். கேமுக்குக் கிடைப்பது 364 ஜிபி அளவில். மூன்று நாலு பெரிய கேமோடு நிரம்பிவிடும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டும், மறுபடி விளையாட ஆசை வந்தால் மறுபடியும் அந்த 22 மணித்தியாலம். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி வைக்கலாம். முந்திய கொன்சோலான எக்ஸ்பொக்ஸ் ஒன் காலத்துக் கேம்கள் அதிலிருந்தே ஓடும். புதிய தலைமுறைக் கேம்களை அதில் சேமித்து வைக்கலாம், விளையாடும்போது உள்ளே மாற்றிக்கொள்ள வேண்டும். டேட்டாவை மிச்சம் பிடிக்க இது நல்ல வழி.

ஆகவே ஃபைபர் இருக்கிற வீட்டுக்குச் சீரிஸ் எஸ் நல்ல தெரிவு. சத்தம் இல்லை, சின்னப் பெட்டி, 1080 டிவியில் படம் வடிவாக இருக்கும். வீதியில் ஃபைபர் வராத இடம் என்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அப்ப டிஸ்க் போடும் கொன்சோல்தான் நல்லதா?

நம் ஊருக்கு, பெரும்பாலான வீடுகளுக்கு, ஆம். டிஸ்க்கை விளையாடி முடித்து விற்கலாம், மாற்றலாம். கொக்குவிலில் ஒரு பெடியனிடம் ஒரு கேம், திருநெல்வேலியில் அவனுடைய வகுப்புத் தோழனிடம் இன்னொன்று. ஒருவர் வாங்கினால் நாலு பேர் விளையாடுவார்கள். கால்பந்துக் கேம் ஒவ்வொரு செப்டெம்பரிலும் புதிதாக வருவதால், போன வருட டிஸ்க் அதற்குப் பிறகு அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். இலக்கம்தான் பழசு, பந்து அதே பந்து.

ஒன்று கவனியுங்கள். டிஸ்க் போட்டாலும் கேம் ஹார்ட் டிஸ்கில் பதிந்துதான் ஓடும், அப்டேட்டும் கேட்கும். ஆனால் பெரும்பாலான பிஎஸ்4 டிஸ்க்குகள் இணையமே இல்லாமலும் விளையாட விடும். சில கேம்கள் விதிவிலக்கு. வாங்க முன் அந்தக் கேமின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

பிஎஸ்4 பழசாகிவிட்டதே, இப்போது வாங்குவது வீண் இல்லையா?

அது 2013 இல் வந்த சாதனம். மெலிந்த ‘ஸ்லிம்’ பதிப்பு 2016 இல் வந்தது. புதுக் கேம்கள் அதற்கு வருவது குறைந்துகொண்டே போகிறது. ஜிடிஏ 6 பிளேஸ்டேஷன் 5 க்கும் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் கொன்சோல்களுக்கும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் பிள்ளை அதற்காகத்தான் கொன்சோல் கேட்கிறான் என்றால் பிஎஸ்4 வாங்கிக் கொடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

மறுபக்கம், பத்து வருடத்துக்கு மேல் குவிந்த கேம்கள் இருக்கின்றன. கிரிக்கெட் 24 உண்டு, கால்பந்துக் கேமான ஈஏ எஃப்சி 26 கூட பிஎஸ்4 க்கு வந்தது. போர்ட்நைட், ரொக்கெட் லீக், ஈஃபுட்போல் மூன்றும் இலவசம். முதல் தடவை கொன்சோல் தொடுகிற ஒருவருக்கு எல்லாமே புதுசுதானே. இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்து வாங்கினால் நட்டமில்லை.

பாவித்த பிஎஸ்4 ஐ எப்படிப் பரிசோதிப்பது?

இக்மன் விளம்பரத் தளத்திலோ பேஸ்புக்கிலோ படத்தைப் பார்த்துக் காசு அனுப்ப வேண்டாம். நேரில் போங்கள், ஒரு டிஸ்க்கும் ஒரு கைவிளக்கும் கொண்டு போங்கள்.

முதலில் பக்கவாட்டுத் துவாரங்களுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசி உள்ளே படிந்து கம்பளி மாதிரி இருக்கும். அதைச் சுத்தம் செய்யலாம், பயமில்லை. பல்லி எச்சமோ கரப்பான் முட்டையோ தெரிந்தால் வேறு கதை. கொன்சோலின் உள்ளே எப்போதும் இளஞ்சூடாக இருப்பதால் கரப்பானுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. மின்பலகைக்குள் குடியிருந்தால் இன்றைக்கு ஓடும், அடுத்த மாதம் ஓடாது. கடலோரப் பக்கத்து வீடுகளில் இருந்து வருவதென்றால் பின்பக்க எச்டிஎம்ஐ வாயில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு போட்டு, கொஞ்சம் பாரமான கேம் ஒன்றை 20 நிமிடமாவது ஓட விடுங்கள். தொடக்கத்தில் எல்லாமே அமைதியாகத்தான் இருக்கும். சூடு ஏறிய பிறகு காற்றாடி அலறினால் உள்ளே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. திறந்து மாற்றலாம், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அலறி, தானாக நின்றும் போனால் எழும்பி வந்துவிடுங்கள். எச்டிஎம்ஐ வயரை மெதுவாக ஆட்டிப் பாருங்கள், படம் மினுங்கக் கூடாது. டிஸ்க்கை மூன்று நாலு தரம் போட்டு எடுங்கள். கொன்ட்ரோலரைத் தொடாமல் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். கேமில் ஆள் தானாக நடந்தால் கொன்ட்ரோலரின் குச்சி தேய்ந்துவிட்டது.

கடைசியாக, உங்கள் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு ஒரு பிளேஸ்டேஷன் கணக்கால் உள்ளே போய்ப் பாருங்கள். சோனி தடை செய்த பெட்டி என்றால் அங்கேயே தெரிந்துவிடும். விற்பவர் இதற்கு மட்டும் சம்மதிக்காவிட்டால் காரணம் கேட்கக்கூடத் தேவையில்லை.

‘ஜெயில்பிரேக்’ செய்து 30 கேம் ஏற்றித் தருகிறோம் என்கிறார்கள். எடுக்கலாமா?

ஜெயில்பிரேக் என்றால் களவுக் கேமும் ஓடும்படி கொன்சோலின் மென்பொருள் பூட்டை உடைப்பது. சொல்வது உண்மைதான், ஏற்றித் தருவார்கள். களவுக் கேம் என்பது ஒரு பக்கம். அந்தப் பெட்டியை ஒன்லைனில் விட்டால் தடை வரலாம், அப்டேட் செய்தால் ஜெயில்பிரேக் போய்விடும். ஆகவே நண்பர்களோடு இணையத்தில் விளையாட முடியாது, புதுக் கேமுக்கு ஒவ்வொரு தரமும் அதே கடைக்குத்தான் போக வேண்டும். விற்கப் போனாலும் வாங்குபவர்கள் தயங்குவார்கள். நான் எடுக்க மாட்டேன்.

சில ஆயிரம் ரூபாவுக்கு டிவியில் செருகும் ‘கேம் ஸ்டிக்’ வருகிறதே?

பத்தாயிரம் கேம் என்று பெட்டியில் இருக்கும். எல்லாம் 80, 90 களின் பழைய கேம்களின் பிரதிகள், அதில் பாதி ஒன்றே திரும்பத் திரும்ப வேறு பெயரில். கன்ட்ராவும் மாரியோவும் விளையாடி வளர்ந்த அப்பாமாருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். பிஎஸ்5 சாயலில் ‘கேம் ஸ்டேஷன் 5’ என்று ஒன்றும் விற்கிறார்கள். அதற்குள் இருப்பதும் அதே பழைய சரக்கு. பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக அதைக் கொடுத்து ஏமாற்ற வேண்டாம்.

கனடாவில் இருந்து மாமா கொண்டு வருகிறார். இங்கே வேலை செய்யுமா?

வேலை செய்யும். சீரிஸ் எஸ், பிஎஸ்4, பிஎஸ்5 மூன்றும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் மின்வழங்கியோடுதான் வருகின்றன. நம் 230 வோல்ட்டுக்கு மாற்றி தேவையில்லை. இருந்தாலும் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை ஒரு தரம் வாசித்துவிட்டுச் செருகுங்கள், முக்கியமாக முதல் எக்ஸ்பொக்ஸ் ஒன் போன்ற பழைய பெட்டி என்றால். அதன் வெளி அடாப்டர் அமெரிக்க வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. இங்கே செருகினால் புகைதான்.

பிளக் பொருந்தாது, கனடாவில் தட்டை இரண்டு முள். சீரிஸ் எஸ்ஸுக்கும் பிஎஸ்4 ஸ்லிமுக்கும் வருவது பழைய ரேடியோக்களுக்குப் போடும் அந்த எட்டு வடிவ வயர். எந்த எலெக்ட்ரிக் கடையிலும் சதுர முள் வைத்து வாங்கலாம். லண்டனில் இருந்து வந்தால் அந்தச் சிரமமும் இல்லை, நம் சதுர பிளக்தான்.

உத்தரவாதத்தை மறந்துவிடுங்கள். பழுதானால் திரும்ப ரொறொன்ரோவுக்கு அனுப்பவா போகிறீர்கள்? இங்கே கடையில் வாங்கினால் விலை கூட, ஆனால் ஒரு முகம் இருக்கிறது. பழுது பார்ப்பது யாழ்ப்பாணத்திலா, கொழும்புக்கு அனுப்பியா, எத்தனை நாள் என்று காசு கொடுக்க முன் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

டிஸ்க்குகள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் பிஎஸ்4, பிஎஸ்5 இல் ஓடும். அந்த டிஸ்க்குக்கு மேலதிகப் பகுதிகளை ஒன்லைனில் வாங்கும்போதுதான் சிக்கல்: டிஸ்க் கனடா, கணக்கு இந்தியா என்றால் இரண்டும் ஒட்டாமல் போகலாம். மாமாவிடம் கேட்பதென்றால் இன்னொரு கொன்ட்ரோலரையும் சேர்த்துக் கேளுங்கள். அங்கேயே 60 டொலருக்கு மேல். இங்கே அசல் என்று விற்பதில் போலி நிறைய.

கணக்கை எந்த நாட்டில் திறப்பது?

இதை அவசரப்பட்டுச் செய்துவிட்டுப் பிறகு தலையில் கை வைப்பவர்கள் அதிகம். பிளேஸ்டேஷனின் ஒன்லைன் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் எல்லோரும் இந்தியா, அமெரிக்கா என்று வேறு நாட்டில் திறக்கிறார்கள். ஒருமுறை தெரிவு செய்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. நாடு மாற வேண்டுமானால் புதுக் கணக்கு, வாங்கிய கேம்கள் பழைய கணக்கோடு நிற்கும். எக்ஸ்பொக்ஸும் நின்டெண்டோவும் நாட்டை மாற்ற விடும், சில நிபந்தனைகளோடு.

பெரும்பாலும் அந்தந்த நாட்டு வங்கி அட்டையைத்தான் ஏற்பார்கள். அதனால் இங்கே புழக்கத்தில் இருப்பது கிஃப்ட் கார்ட். அமெரிக்கக் கணக்குக்கு அமெரிக்கக் கார்ட், இந்தியக் கணக்குக்கு இந்தியக் கார்ட், மாறினால் ஏறாது. ஸ்காபரோவில் ஓர் அத்தான் இருந்தால் கனடாக் கணக்கைத் திறந்துவிட்டு, பிறந்தநாளுக்குக் கார்ட் இலக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். பல வீடுகளில் நடப்பது இதுதான்.

மாதச் சந்தா கட்டாயமா?

தனியாக விளையாடத் தேவையில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் பக்கத்தில் இருந்து விளையாடவும் தேவையில்லை. காசு கொடுத்து வாங்கிய கேமை இணையத்தில் மற்றவர்களோடு விளையாடத்தான் வேண்டும். போர்ட்நைட் மாதிரி இலவசக் கேம்களுக்கு அதுவும் வேண்டாம். எக்ஸ்பொக்ஸ் கேம் பாஸின் மேல்தரச் சந்தா 2025 ஒக்டோபரில் மாதம் 29.99 டொலராகிவிட்டது. பத்து மாதம் கட்டினால் சீரிஸ் எஸ் வந்தபோது இருந்த விலை! 9.99 டொலரின் அடிமட்டச் சந்தா போதும், அதுவும் விடுமுறை மாதத்தில் மட்டும்.

எட்டு வயது மகளுக்கு சுவிட்ச் லைட் சரியா?

சரி. கையில் வைத்து விளையாடுவது, கரண்ட் போனாலும் சில மணித்தியாலம் ஓடும், சின்னப் பிள்ளைகளுக்கான கேம்கள் நின்டெண்டோவில்தான் சிறப்பு. ஆனால் லைட்டை டிவியில் இணைக்கவே முடியாது. அண்ணன் தங்கை இருவரும் சேர்ந்து விளையாடும் வீடு என்றால் சாதாரண சுவிட்ச்சைத் தேடுங்கள். அதன் கேம் அட்டைகள் விலை இறங்குவது அரிது, யாழ்ப்பாணத்தில் மாற்றிக்கொள்ள ஆளும் குறைவு. உள்ளே 32 ஜிபிதான், மைக்ரோ எஸ்டி அட்டை ஒன்றைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கரண்ட் பில் எகிறுமா?

சீரிஸ் எஸ் விளையாடும்போது சுமார் 75 வாட். நாளுக்கு இரண்டு மணித்தியாலம், 30 நாள்: நாலரை யூனிட். பிஎஸ்5 200 வாட் அளவில் போகும், அதற்கு 12 யூனிட். டிவிக்குத் தனியாக மூன்று யூனிட் போடுங்கள். பயமுறுத்தும் கணக்கில்லை. ஆனால் நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 85 யூனிட் ஓடுகிற வீடு இதனால் 90 ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட் ஒவ்வொன்றுக்கும் கூடிய விலை. மீற்றரைப் பார்த்து உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

விளையாடும்போது கரண்ட் போனால் பழுதாகுமா?

ஒரு தரம் போனதற்காகப் பழுதாகாது. கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடங்க வேண்டி வரும், அவ்வளவுதான். சேமித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் போனால்தான் அந்தக் கோப்புக் கெட்டுப்போகும். பிஎஸ்4 ஐ முழுதாக அணைக்காமல் தூங்க வைக்கும் ‘ரெஸ்ட் மோட்’டில் விட்டுவிட்டுப் படுக்கும் பழக்கம் வேண்டாம், முழுதாக நிறுத்துங்கள். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாட்டில் இருக்கிறோம்; 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதற்கு நாடே அணைந்தது. கணினிக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று சீரிஸ் எஸ்ஸையும் டிவியையும் சில நிமிடம் தாங்கும். சேமித்து நிறுத்த அது போதும்.

மின்னலுக்குத்தான் உண்மையாகப் பயப்பட வேண்டும். ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை மழை இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கை மட்டுமல்ல, ரவுட்டரில் இருந்து வரும் வயரையும் கழற்றுங்கள். இடி அந்த வழியாலும் வரும்.

மகன் அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். இப்போது வாங்கலாமா?

சோதனை முடியட்டும் என்று சொல்வேன். அது கேமுக்கு எதிரான பேச்சில்லை. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் இரண்டு ரியூசன், இரவு பாடம் என்று ஓடுகிற பிள்ளைக்கு அதை விளையாட நேரம் எங்கே? அலுமாரிக்கு மேல் தூசி பிடிக்கும், அல்லது இரவு இரண்டு மணிக்கு ஓடும். சோதனை முடிந்து பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறதே, அது நல்ல காலம்.

சின்ன வகுப்பு என்றால் கொன்சோல் போனைவிட மேல் என்பது என் எண்ணம். அது ஹோலில் இருக்கிறது, என்ன விளையாடுகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். நேர எல்லை, காசு செலவழிக்கும் தடை இரண்டையும் பெற்றோர் தம் போனில் இருந்தே போடலாம். எக்ஸ்பொக்ஸிலும் நின்டெண்டோவிலும் இதற்கான செயலி நன்றாக வேலை செய்கிறது. டிஸ்க் பெட்டியின் மூலையில் 3, 7, 12, 16, 18 என்று ஓர் எண் இருக்கும். அது விலையில்லை, வயது. 18 போட்டதை 11 வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு ‘ஒரே அடிதடி’ என்று குறைப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் காசுக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கினால் என்ன?

பிள்ளை உயர்தரத்தில் ஐசிடி படிக்கிறான், அல்லது கம்பஸுக்குப் போகப்போகிறான் என்றால் கொம்பியூட்டர்தான். யோசிக்கவே வேண்டாம். விளையாட்டு மட்டும்தான் நோக்கம் என்றால், சீரிஸ் எஸ் ஓட்டுகிற கேமை அதே அளவில் ஓட்டக்கூடிய கொம்பியூட்டர் அதே விலைக்குக் கிடைக்காது.

வீட்டில் பழைய பிளேஸ்டேஷன் 2 கிடக்கிறது. அதை விற்றுச் சேர்த்துப் புதுசு எடுக்கலாமா?

விற்காதீர்கள். கிடைக்கும் காசு புதுக் கொன்ட்ரோலர் ஒன்றுக்கும் காணாது. டிவியின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வாய் இருந்தால் நேரே செருகலாம், இல்லாவிட்டால் சின்ன எச்டிஎம்ஐ மாற்றி ஒன்று போதும். கிரிக்கெட் 07 டிஸ்க் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.